அந்த அழகான கிராமத்தை யார் காலி செய்தார்கள்?

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று வார இறுதியில் வாடகை சைக்கிளில் கிராமம் கிராமமாகச் சுற்றும் காணொளியைக் கல்லூரித் தோழி ஒருத்தி அனுப்பியிருந்தாள். கூரை வேய்ந்த வீடுகள், வாசலில் ரோஜா, ஓடையில் வாத்து, எண்ணூறு வருடத் தேவாலயம், அதன் எதிரில் தேநீர்க்கடை. கூடவே தோழியின் ஒரு வரி: 'கிராமம்னா இப்படி இருக்கணும்டி. சண்டை இல்லை, சச்சரவு இல்லை.' நான் சமூகப் பணியில் பன்னிரண்டு வருடமாக இருப்பவள். சச்சரவு இல்லாத கிராமம் என்று யாராவது சொன்னால், சச்சரவு செய்யக்கூடியவர்களை எங்கே அனுப்பினார்கள் என்று கேட்டே பழகிவிட்டேன். அதைத்தான் அவளிடமும் கேட்டேன். பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது.

அந்தக் கிராமங்களில் நானும் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சிக்காக ஆறு வாரம் இங்கிலாந்தில் இருந்தேன். நடுவில் ஐந்து நாள் விடுப்பு கிடைத்தது. உடன் வந்தவர்கள் லண்டனைச் சுற்றக் கிளம்பினார்கள். நான் தெற்கே டோர்செட் மாவட்டத்துக்கு ரயில் ஏறினேன். எம்.ஏ. வகுப்பில் தொழிலாளர் வரலாறு படித்தபோது மனதில் நின்றுபோன ஓர் ஊர் அங்கே இருந்தது. ஊரின் பெயர் டோல்படில்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்து நாளும் நான் அனுபவித்துத்தான் ஓட்டினேன். இன்பமாக இருந்ததற்காக எந்தக் குற்றவுணர்வும் எனக்கில்லை. நம்மில் ஒருத்தி ஊர் சுற்றப் போனால்கூட ஆய்வுக்குப் போனதாகத்தான் எழுத வேண்டும் என்று ஓர் எழுதாத விதி இருக்கிறது. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. என் தாத்தா ஊர்த்தெருவுக்குள் நுழையும் முன் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர். என் அம்மா 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருத்தி. எங்கள் வீட்டில் மூன்றாம் தலைமுறையில்தான் ஒருத்தி காரியம் எதுவும் இல்லாமல், பார்ப்பதற்காக மட்டும் சைக்கிள் மிதிக்க முடிந்திருக்கிறது.

வேரம் என்ற சிறிய நிலையத்தில் இறங்கி, வாடகைக்கு எடுத்த ஏழு கியர் சைக்கிளில் கேரியர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. அந்த வேகத்தில்தான் ஊர் கண்ணில் படும். காரில் போகிறவருக்கு வேலி ஒரு பச்சைக் கோடு. சைக்கிளில் போகிறவளுக்கு அது கருப்பு முட்பழமும் காட்டு ரோஜாவும் குருவிக்கூடும் சேர்ந்த ஓர் ஊர். சில சந்துகள் ஆள் உயரத்துக்கு மண்ணுக்குள் புதைந்து, மேலே மரக்கிளைகள் கூடி, குகை மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். பல நூற்றாண்டுகளாக மாடும் வண்டியும் மழைநீரும் அரித்து இறக்கிய பாதைகள் அவை. பிடில் என்றொரு சிற்றாறு கூடவே வரும். அந்தச் சொல்லுக்கு அவர்கள் பேச்சுவழக்கில் சிறுநீர் என்றும் பொருள் உண்டு. அதனால்தான் அக்கம்பக்கத்து ஊர்ப் பெயர்கள் 'படில்' என்று மரியாதையாக மாறின என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது சிரிக்க உதவியது.

இரண்டாம் நாள் ஒன்று புலப்பட்டது. வளைந்து நெளிந்து போகும் சந்துகள் திடீரென்று முடிந்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேரான சாலை வரும். இரு புறமும் அகலமான புல் விளிம்பு, அதற்கு அப்பால் ஒரே சீரான வேலி. இப்படிப்பட்ட சாலை பெரும்பாலும் வேலியடைப்புக் காலத்தில் நில அளவைக்காரர் வரைபடத்தில் போட்டது. அதற்கு முன் அங்கே ஊர்ப் பொதுநிலம் இருந்திருக்கும். மாடு மேய்க்க, விறகு பொறுக்க, அறுவடைக்குப் பின் சிந்திய கதிர் எடுக்க ஏழைகளுக்கு உரிமை இருந்த நிலம். நம் பாஷையில் சொன்னால் புறம்போக்கு. அதை வளைத்துப் போடுவதற்கு நம் ஊரில் ஆள்பலமும் ஒரு கிராம அதிகாரியும் போதும். இங்கிலாந்தில் நாடாளுமன்றத்திலேயே சட்டம் போட்டுச் செய்தார்கள். 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள். 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். வேலி போட்டவர்கள் போட்ட சட்டம், வேலி போட்டவர்கள் உட்கார்ந்திருந்த மன்றம். இன்று நாம் படம் எடுத்துப் போடும் அந்தக் கட்டம் கட்டமான பச்சை வயல்களில் கணிசமானவற்றின் பிறப்புச் சான்றிதழ் அந்தச் சட்டங்கள்தான்.

விண்டர்போர்ன் செல்ஸ்டன் என்ற ஊரைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தபோது லாரிகள் உரசிக்கொண்டு போயின. அந்தச் சாலையில் சைக்கிள் ஓட்டுவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நான் வந்தது ஒரு சுவரைப் பார்க்க. சார்பரோ என்ற பண்ணை மாளிகையின் மதில் சாலையோரமாக ஏறத்தாழ மூன்று மைல் நீள்கிறது. இருபது லட்சத்துக்கு மேல் செங்கல் பிடித்தது என்கிறார்கள். வாயில் ஒன்றின் உச்சியில் கலைமான் சிலை நிற்கிறது. முட்டுக்கொடுக்க வைத்த தூணையும் சேர்த்து எண்ணினால் அந்த மானுக்கு ஐந்து கால். சுற்றுலாக் கையேடுகள் ஐந்து கால் மானைப் பற்றி உற்சாகமாக எழுதுகின்றன.

மதில் கட்டிய குடும்பம் டிராக்ஸ் குடும்பம். பார்படோஸ் தீவில் 1640களில் கரும்புத் தோட்டம் போட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கிய முன்னோடிகளில் ஒருவர் ஜேம்ஸ் டிராக்ஸ். அடிமைமுறையை ஒழித்தபோது பிரிட்டிஷ் அரசு இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கு இல்லை. சொந்தக்காரர்களுக்கு. மொத்தம் 2 கோடி பவுன். அதில் 1836இல் இந்தக் குடும்பத்துக்கு 189 மனிதர்களுக்கான விலையாக 4,293 பவுன் கிடைத்தது. 1841, 42இல் பொதுச் சுங்கச்சாலை மாளிகைப் பூங்காவை விட்டு விலகிப் போகும்படி மாற்றப்பட்டு, மதில் எழுந்தது. எந்தப் பவுன் எந்தச் செங்கலுக்குப் போனது என்று நான் கணக்குச் சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஐந்தே வருடம் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் கருவூலம் 2015இல்தான் அடைத்து முடித்தது. பிரிட்டனில் வரி கட்டிய கரீபிய வம்சாவளியினர், தங்கள் பாட்டன்மாரை வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த இழப்பீட்டுக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசு 2010 முதல் 2024 வரை தென் டோர்செட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார்.

மதிலின் நிழலில் உட்கார்ந்து கையிலிருந்த ரொட்டியைச் சாப்பிட்டேன். உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. அதற்குத்தானே மதில்.

மறுநாள் டோல்படில். சாலையோரம் ஒரு சின்னப் புல்வெளி, அதில் ஒரு கிழட்டு சிக்கமோர் மரம். முந்நூறு வருடங்களுக்கு மேல் வயது சொல்கிறார்கள். அடிமரம் பிளந்து உள்ளே கூடாகி இருக்கிறது. 1833இல் இந்த மரத்தடியில்தான் பண்ணைக் கூலிகள் கூடிப் பேசியதாக ஊர் நம்புகிறது. வாரக்கூலி 9 ஷில்லிங் 8 ஆகி, 7 ஆகி, 6 ஆகப் போகிறது என்ற மிரட்டலும் வந்திருந்தது. அவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். சங்கம் வைப்பதைத் தடுத்த சட்டம் 1824இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே சங்கம் வைத்தது குற்றமில்லை. ஜேம்ஸ் ஃபிராம்ப்டன் என்ற பண்ணையார் லண்டனுக்கு எழுதினார். கடற்படைக் கலகத்துக்குப் பிறகு 1797இல் போட்ட, ரகசிய உறுதிமொழியைத் தடுக்கும் சட்டம் ஒன்று தூசு தட்டி எடுக்கப்பட்டது. 1834 பிப்ரவரியில் கைது. மார்ச்சில் ஆறு பேருக்கும் ஏழு வருடத் தீவாந்திர தண்டனை. ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள்.

சட்டத்தில் குற்றமில்லை என்றால் வேறொரு சட்டத்தைத் தேடு. இதை எழுதும்போது எந்தக் காவல் நிலையமும் என் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

லண்டனில் ஏப்ரல் மாதம் மாபெரும் பேரணி நடந்தது. மனுவில் இரண்டு லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 1836இல் மன்னிப்பு வந்தது. ஆறு பேரும் திரும்பினார்கள். ஆனால் ஐந்து பேர் டோல்படிலில் நிலைக்கவில்லை. பின்னர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஜேம்ஸ் ஹேமட் மட்டும்தான் ஊரில் வாழ்ந்தவர். அந்த உறுதிமொழிக் கூட்டத்துக்கே அவர் போகவில்லை, கர்ப்பிணி மனைவியோடு இருந்த சகோதரனுக்குப் பதிலாகத் தண்டனையை ஏற்றார் என்று சொல்லப்படுகிறது. கடைசியில் 1891இல் அவர் இறந்தது டோர்செஸ்டரில், ஏழைகளை அடைத்து வைத்து வேலை வாங்கிய விடுதியில். தேவாலய முற்றத்தில் அவருக்குக் கல்லறைக்கல் வைத்தது 1934இல். அதே வருடம் தொழிற்சங்கக் காங்கிரஸ் ஆறு பேர் நினைவாக ஆறு சிறு வீடுகள் கட்டியது. வயதான பண்ணைத் தொழிலாளர்கள் குடியிருக்க. நடுவில் ஒரு சிறிய அருங்காட்சியகம். நான் இங்கிலாந்தில் பார்த்த நினைவுச் சின்னங்களிலேயே பிடித்தது இதுதான். சிலைக்குப் பதிலாக ஒழுகாத கூரை.

அங்கிருந்து வடக்கே, சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, மில்டன் அபாஸ். தோழி அனுப்பிய காணொளியில் இந்த ஊர்தான் நாயகி. பள்ளத்தாக்குச் சரிவில் ஒரே தெரு. இரு பக்கமும் வெள்ளைச் சுவர், தடித்த கூரை, ஒரே அச்சில் வார்த்தாற்போல் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன் பச்சைப் புல். நாட்காட்டிகளிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் வரும் இங்கிலாந்து. நானும் பத்துப் படம் எடுத்தேன், மறைப்பானேன்.

ஏன் எல்லா வீடும் ஒன்றுபோல் இருக்கிறது? கிராமம் அப்படி வளராதே. அண்ணன் தம்பி பிரிந்தால் ஒரு சுவர், மாடு வாங்கினால் ஒரு கொட்டகை என்று கோணல்மாணலாகத்தான் வளரும். இந்த ஊர் வளர்ந்த ஊர் இல்லை. இறக்கி வைத்த ஊர். மடாலயத்தை ஒட்டிச் சந்தை, பள்ளிக்கூடம், சத்திரங்கள், நூற்றுக்கு மேல் வீடுகள் என்று ஒரு பழைய ஊர் இருந்தது. 1752இல் மடாலயத்து நிலத்தை வாங்கிய ஜோசப் டேமர், பிறகு மில்டன் பிரபு ஆனவர், மாளிகை கட்டினார். மாளிகையிலிருந்து பார்த்தால் ஊர் தெரிந்தது. அதுதான் ஊர் செய்த குற்றம். குத்தகைகள் முடிய முடிய வீடுகளை இடித்துக்கொண்டே வந்தார். 1780 வாக்கில் கண்ணில் படாத பக்கத்துப் பள்ளத்தாக்கில் இந்தப் புதுத் தெரு எழுந்தது. இடித்த இடத்தை, கேப்பபிலிட்டி பிரவுன் என்று புகழ்பெற்ற தோட்டக் கலைஞரைக் கொண்டு புல்வெளியும் ஏரியுமாக்கினார்கள். ஒரு வழக்கறிஞர் மட்டும் வீட்டை விட மறுத்தார் என்றும், பிரபு மதகைத் திறந்து அவர் வீட்டுக்குள் தண்ணீர் விட்டார் என்றும், அவர் வழக்குப் போட்டு ஜெயித்தார் என்றும் ஒரு கதை உண்டு. ஜெயித்தும் ஊர் மிஞ்சவில்லை. அழகான அந்த வீடு ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கானதும் இல்லை. நடுவில் பொது வாசல் வைத்து, இரண்டு குடும்பத்துக்குக் கட்டியது.

ஊரைத் தள்ளி வைத்தார்கள் என்று கேட்டவுடன் நமக்கு ஒரு சொல் வாயில் வரும். நான் அதைச் சொல்லப் போவதில்லை. அது சேரி இல்லை. அங்கே தள்ளி வைத்தது தீட்டுக்காக இல்லை, காட்சிக்காக. மூன்று தலைமுறையில் அந்தத் தெருவைச் சேர்ந்த ஒருவன் லண்டனுக்குப் போனால் அவன் எந்தத் தெரு என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். எல்லா ஒடுக்குமுறையையும் நம்முடையதோடு ஒட்டிப் பார்த்துவிட்டு, பார்த்தீர்களா அங்கேயும் இருக்கிறது என்று ஆறுதல்பட்டுக்கொள்வது நம் எழுத்தில் ஒரு நோயாகப் பரவுகிறது. வேறு வேறு என்று தெரிந்தால்தான் எதை எதனால் உடைக்கலாம் என்று தெரியும்.

உடைந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு இதே டோர்செட்டில், சைக்கிளாலேயே இருக்கிறது. 1885இல் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவாக உள்ள ரோவர் சைக்கிளைச் செய்தார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். பத்துப் பதினைந்து வருடத்தில் பழைய சைக்கிள் கூலித் தொழிலாளியின் கைக்கும் எட்டியது. பெர்ரி என்ற புவியியல் ஆய்வாளர் டோர்செட் கிராமங்களின் திருமணப் பதிவேடுகளை எடுத்து, உழைக்கும் வர்க்க மாப்பிள்ளைகள் எவ்வளவு தூரத்தில் பெண் எடுத்தார்கள் என்று கணக்குப் போட்டு 1969இல் வெளியிட்டார். 1880கள் வரை நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட திருமணங்கள் ஒரே பாரிஷ் எல்லைக்குள். முதல் உலகப்போர் சமயத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. சைக்கிள் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடைப்பட்ட காலம் சைக்கிள் பரவிய காலம்.

இந்தக் கணக்கைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916இல், கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருக்கும்போதே எழுதிவிட்டார். டோர்செட்டின் அகமணத்தை முப்பது வருடத்தில் சைக்கிள் கலைத்துப் போட்டது. நம்மிடம் சைக்கிள் வந்தது, பேருந்து வந்தது, வீட்டுக்கு ஒரு பைக் வந்தது, திருமணத் தளங்கள் கண்டம் விட்டுக் கண்டம் வரன் தேடித் தருகின்றன. இந்தியாவில் சாதி தாண்டிய திருமணம் இன்னும் நூற்றுக்கு ஐந்தைச் சுற்றித்தான் நிற்கிறது. காரணம் எளிது. டோர்செட்டில் வேலியாக இருந்தது தூரம். தூரத்தைச் சக்கரம் தின்னும். சாதியின் வேலி தூரத்தால் ஆனதில்லை. சக்கரம் கிடைத்தால் அதுவும் ஏறிக்கொண்டு கூடவே வரும். அந்தத் தமிழ்க் குடும்பம் சைக்கிளில் சுற்றும் நாட்டிலேயே சாதிச் சங்கங்கள் நடப்பது தெரியாதா நமக்கு? டோர்செட்டிலும் சைக்கிள் வேலைக்காரனைப் பக்கத்து ஊர் வேலைக்காரி வரைதான் கொண்டுபோனது. மதில் வைத்த மாளிகையின் மகளிடம் கொண்டுபோகவில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, கிராமத்துக்குள் சைக்கிளில் நிதானமாகச் சுற்றலாம் என்ற உரிமை எப்படி வந்தது? 1888 வரை சைக்கிள் என்பது சாலையில் போகத் தகுதியான வாகனமா என்பதே தெளிவில்லை. அந்த வருடத்துச் சட்டம்தான் அதை வண்டி என்று ஏற்றது. பெண்களுக்கு இன்னொரு வேலி. 1898இல் ஹார்பர்ட்டன் சீமாட்டி சைக்கிளுக்கு வசதியான தொளதொளப்பான கால்சட்டை அணிந்து, சர்ரே மாவட்டத்தில் ஓக்கம் கிராமத்தின் விடுதிக்குப் போனார். சைக்கிள் பயணிகளுக்கு ஏற்ற இடம் என்று சைக்கிள் சங்கமே அங்கீகரித்த விடுதி. அந்த உடையோடு காபி அறையில் உட்காரக் கூடாது, வேண்டுமானால் மதுக்கூடத்துப் பக்க அறையில் தருகிறோம் என்றார்கள். சங்கம் வழக்கு நடத்தித் தோற்றது. சீமாட்டிக்கே பக்க அறை என்றால், கூலிக்காரிக்கு எந்த அறை என்று நீதிமன்றத்தில் யாரும் கேட்கவில்லை.

1894இல் பர்மிங்காமில் சில இளம் சோசலிஸ்டுகள் கிளாரியன் என்ற பத்திரிகையின் பெயரில் சைக்கிள் சங்கம் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைப் புகையை விட்டுக் கிராமங்களுக்கு மிதித்துப் போவது, துண்டறிக்கை கொடுப்பது, சந்தையில் நின்று பேசுவது, தேநீர் குடிப்பது, திரும்புவது. இன்பமும் அரசியலும் ஒரே கேரியரில். லங்காஷயரில் நெல்சன் நகருக்குப் பக்கத்தில் 1912இல் கட்டிய கிளாரியன் இல்லம் இன்றும் ஞாயிறுதோறும் பெரிய குவளையில் தேநீர் தருகிறது. பத்திரிகை ஆசிரியர் பிளாட்ச்ஃபோர்ட் போயர் போரில் பேரரசின் பக்கம் நின்றவர் என்பதையும் மறக்க வேண்டாம். உள்ளூர்த் தொழிலாளிக்கு உருகியவர்களுக்கெல்லாம் காலனி மக்கள் கண்ணில் பட்டார்கள் என்று அர்த்தமில்லை.

1932இல் கிண்டர் ஸ்கவுட் மலையில் பிரபுக்களின் வேட்டைக்காக மூடி வைத்திருந்த நிலத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அத்துமீறி நடந்தார்கள். தலைமை தாங்கிய பென்னி ராத்மன் மான்செஸ்டரைச் சேர்ந்த யூத இளைஞர், வயது இருபது. ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருந்ததால் சைக்கிளில் போய்ச் சேர்ந்தார். ஐந்து பேருக்குச் சிறை. 1949இல் பொதுப்பாதைகளை வரைபடத்தில் ஏற்றச் சட்டம் வந்தது. குதிரைப்பாதைகளில் சைக்கிள் போகலாம் என்று 1968இல் இன்னொரு சட்டம்.

இத்தனைக்குப் பிறகும் இன்று நிலைமை என்ன? இங்கிலாந்தின் கிராமப்புறப் பொதுப்பாதைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில்தான் சைக்கிள் ஓட்ட உரிமை உண்டு. மற்றவை நடப்பவர்களுக்கு மட்டும். கம்பத்தில் நீல அம்பு இருந்தால் மிதிக்கலாம். மஞ்சள் அம்பு இருந்தால் முடியாது. பல சமயம் இரண்டு பாதையும் ஒரே அகலம், ஒரே மண். ஒன்றில் நூறு வருடத்துக்கு முன் குதிரை போனதற்குச் சான்று இருக்கிறது, மற்றதில் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். பாதையை விட்டு விலகி விருப்பம்போல் நடக்க 2000ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்த நிலம், நாட்டின் பரப்பில் சுமார் 8 சதவீதம். பதிவேறாத பழைய பாதைகளைப் பதிய அதே சட்டம் 2026 வரை கெடு வைத்தது. அது தள்ளிப்போடப்பட்டு, கெடுவையே நீக்கப் போவதாக 2024 இறுதியில் அரசு அறிவித்தது. பொது நூலகத்தில் பழைய வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சந்தாகச் சான்று தேடியவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற சாதாரண மனிதர்கள்தான்.

மஞ்சள் அம்பு போட்ட ஒரு பாதையின் வாயிலில் நான் இறங்கினேன். பக்கத்து வயலில் நின்றவர் மரியாதையாகவே கேட்டார், வழி தவறிவிட்டதா என்று. அடுத்த இரண்டு நாளில் இன்னும் நான்கு பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள். என் முன்னால் போன வெள்ளைக்காரத் தம்பதியிடம் யாரும் கேட்கவில்லை. கருப்பர், ஆசியர் பலர் கிராமப்புறத்தைத் தங்களுக்கு உரியதில்லை, வெள்ளையரின் இடம் என்று உணர்வதாக 2019இல் அரசே அமைத்த ஆய்வு ஒன்று எழுதியது. எனக்கு யாரும் கெடுதல் செய்யவில்லை. தாத்தா இறங்கியதும் நான் இறங்கியதும் ஒன்றென்று சொல்லவும் மாட்டேன். ஐந்தாவது முறை கேட்டவரிடம் மட்டும், இல்லை, மிகச் சரியான வழியில்தான் போகிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த இறக்கத்தில் சரளைக்கல் கொட்டியிருக்கிறது, பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள் என்றார்.

தோழிக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். 'அப்போ போகாதேன்னு சொல்றியா?' என்று கேட்டாள். போ என்றுதான் சொல்கிறேன். வேரத்தில் இறங்கினால் சைக்கிள் கிடைக்கும். முதல் நாள் பியர் ரீஜிஸ் வரை போதும். மதிலைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில் லாரி குறைந்த நேரத்தில் போ. ஜூலை மாதம் டோல்படிலில் விழா நடக்கும், ஊரே சங்கக் கொடியாக இருக்கும், ஹேமட் கல்லறையில் மலர்வளையம் வைப்பார்கள். மற்ற நாளில் போனாலும் மரம் அங்கேதான் நிற்கும். மில்டன் அபாஸுக்கு அங்கிருந்து வடக்கே, மில்போர்ன் வழியாக. கடைசி ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும், தண்ணீர் எடுத்துக்கொள். தெருவின் அடிவரை இறங்கி ஏரிப் பக்கம் போய் நின்று பார். பழைய ஊர் அந்தப் பக்கம்தான் இருந்தது.